வாசலில் வெட்சி

ஆநிரை கவர்வோர் சூடும் வெட்சியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவன் யான். வெள்ளவத்தையில் எம் வாசலோரம் நின்ற செடியையோ 'எக்சோரா' என்றே அழைத்தோம். அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் ஒருநாள் அதனை 'ரத்மல்' என்றார். நூலகத்துத் தாவர நூலொன்றைப் புரட்டினேன். ரத்மலும் வெட்சியும் ஒரே செடியின் பெயர்கள்! எதிரெதிர் இலைகள், நீண்ட பூங்குழல், நான்கே இதழ்கள், செந்நிறக் கொத்து, ஐயமில்லை.

நாணமுற்றேன். கிளையொன்றை நறுக்கி மதிலடியில் நட்டேன். வேரூன்றியும் தளிர்கள் மஞ்சளித்தன. மதிற் சுண்ணாம்பு கலந்த மண்ணில், இரும்புச் சத்தை வெட்சியின் வேர் எளிதில் உறிஞ்சாது. அப்பாற் பெயர்த்து நட்டு, இலையுரம் இட்டேன், பசுமை மீண்டது. மழையும் கடற்காற்றும் அதனை வாட்டவில்லை.

முதற் கொத்தை அவ்வம்மையாரிடம் கொடுத்தேன். "வெட்சி" என்று எம்மொழியிற் சொல்லிப் பார்த்தார்.