பனிநாட்டில் மின்வண்டி

(பழைய மாணவர் ஒருவர், ஒஸ்லோ)

நமது கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று விடுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டிருந்தனர். தமிழாசிரியன் என்ற காரணத்தால் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றைப் பற்றி எழுத வல்லார் நம் கல்லூரிக்குப் பலர் உளர். யான் எழுதப் புகுந்ததோ ஒரு மோட்டார் வண்டியைப் பற்றி. அதிலும் பெற்றோல் என்பதையே அறியாத, மின்சாரத்தால் ஓடும் வண்டியைப் பற்றி. ஆறு பனிக்காலங்களுக்கு மேல் அதனோடு பழகியவன் என்ற தகுதியன்றி, இத்துறையிற் பேச எனக்கு வேறு தகுதி இல்லை.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து, ஊரிற் சில ஆண்டு கற்பித்தபின், 2010 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுக்கு வந்து சேர்ந்தேன். கிழமை நாட்களில் இந்நாட்டுப் பாலர் நிலையம் ஒன்றில் ஊழியம். சனிக்கிழமைகளில் நம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தல். 2019 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இவ்வண்டியை வாங்கினேன். அதன் பெயரைச் சொன்னால் விளம்பரமாகும் என்பதால் விடுக்கிறேன்.

நோர்வே எண்ணெய் விற்றுச் செல்வம் பெற்ற நாடு. ஆயினும் அந்நாட்டார் தம் வீட்டுக்கு வாங்கும் வண்டி மின்வண்டியாயிருத்தல் வேடிக்கைதான். 2024 ஆம் ஆண்டில் இங்கு விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 88.9 மின்வண்டிகளே. இது ஓரிரவில் வந்ததன்று. 1989 ஆம் ஆண்டில் 'ஆ-ஹா' என்ற இசைக்குழுவினர் இருவரும் 'பெலோனா' என்ற சுற்றாடல் இயக்கத் தலைவரும், மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட சிறிய பியற் பண்டா வண்டியொன்றை இந்நாட்டுக்குக் கொணர்ந்து, வீதிச் சுங்கம் செலுத்த மறுத்து ஓட்டித் திரிந்தனர். அரசினர் வண்டியைப் பறித்து ஏலம் விட்டனர். பின்னர் 1990 இல் இறக்குமதித் தீர்வை நீங்கியது. 1997 இல் வீதிச் சுங்கம் நீங்கியது. 2001 இல் விற்பனை வரியும் நீங்கியது. இச்சலுகைகளுட் சில இப்போது குறைக்கப்பட்டுள்ளன. நாட்டின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்கு அளவில் நீர்வீழ்ச்சிகளிலிருந்து பிறப்பது. ஆதலால் ஊருக்கு ஊர் மின்சாரம் உண்டு.

மின்சாரத்தின் அருமையை எனக்குக் கற்பித்தது நோர்வேயன்று. 1990 ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அறவே இல்லை. என் வயதொத்த பழைய மாணவர் அனைவரும் ஜாம்போத்தல் விளக்கிற் படித்தவர்களே. பெற்றோலுக்குத் தடை இருந்தமையால், பழைய ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று, பின் மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடின. இராப்பொழுதில் இலண்டன் வானொலியின் தமிழோசை கேட்கவேண்டித் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்குக் கம்பி இணைப்போம். எங்கள் வகுப்பில் விஞ்ஞானத்தில் முதல்வனாயிருந்த தோழன் ஒருவன் இவ்வித்தையிற் கைதேர்ந்தவன். சுழற்றுவோன் கை தளர்ந்தால் செய்தி வாசிப்போர் குரலும் தளரும். "விளக்குக் கொளுவினால் சைக்கிள் பாரமாகும், கவனிச்சியோ? வெளிச்சம் சும்மா வராது" என்று அவன் அன்று சொன்னதே மின்சாரவியலில் யான் கற்ற முதற் பாடம். மின்வண்டியின் சூட்சுமமும் அதுவே. ஓடும்போது மோட்டாராயிருப்பது, வேகம் தணிக்கும்போது டைனமோவாக மாறிச் சக்கரத்தின் பாரத்தை மின்சாரமாக்கிச் சேமிப்புக்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

இனிக் குளிரின் கதைக்கு வருவோம். மார்கழி விடியலில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து இளக்கியதை நினைத்துப் பாருங்கள். சேமிப்புக்கலத்தினுள் நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே. இலிதியம் அயன்கள் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஒரு திரவத்தினூடே நீந்திச் செல்லவேண்டும். குளிரில் அத்திரவம் தடிக்கிறது, அயன்களின் நடை தளர்கிறது, உட்தடை கூடுகிறது. கலம் குளிர்ந்திருக்கையில் வல்லந்தமாக மின்னேற்றினால், அயன்கள் உள்ளே புக இயலாது மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து கலத்தையே கெடுத்துவிடும். ஆதலின் வண்டியினுள் அமைந்த காவற்கருவி, குளிர்ந்த கலத்துக்கு மின்சாரத்தைச் சிறிது சிறிதாகவே ஊட்டும். வேகம் தணிக்கும்போது வரும் மின்சாரத்தையும் அது முழுமையாக ஏற்காது. காலை வேளையிற் புறப்படுவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்தவுடன் வழக்கம்போல வண்டி தணியுமென்று நம்பி இறக்கத்திற் செல்வாராயின், உறைபனி படிந்த சந்தியில் இடர்ப்படுவர்.

எனினும் பனிக்காலத்தில் ஓடுதூரத்தை அதிகம் உண்பது கலத்தின் சோர்வன்று, நாம் குளிர்காய்வதே. பெற்றோல் இயந்திரம் தான் எரிக்கும் எண்ணெயிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவது. அவ்வீண் வெப்பமே உள்ளிருப்போரைச் சூடாக்கும். மின்மோட்டாருக்கு அவ்வளவு வீண்செலவு இல்லை. சிக்கனக்காரன் வீட்டிற் பிச்சைக்காரனுக்கு மிச்சச் சோறு கிடைக்குமா? ஆதலால் வெப்பத்துக்கும் கலத்திலிருந்தே மின்சாரம் எடுக்கவேண்டும். வெறுங்கம்பி வெப்பமூட்டி 3, 4 கிலோவாற்று விழுங்கும். குளிரூட்டியைத் தலைகீழாக்கினாற்போல் வேலை செய்யும் வெப்பப் பம்பி இருப்பின், செலவு பாதியளவுக்குக் குறையும். என் வண்டியில் அது உண்டு. குளிர் மிகக் கடுமையாகும்போது அதன் உதவியும் குறைந்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். என் வண்டியின் சேமிப்புக்கலம் 64 கிலோவாற்று மணி கொள்வது. ஆடி மாதத்தில் 100 கிலோமீற்றருக்கு 15 போதும். ஆகவே 400 கிலோமீற்றருக்குக் குறையாது ஓடும். பூச்சியத்தை ஒட்டிய குளிரில் 20 வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையானால் 26, 27 ஆகும். 240 கிலோமீற்றரில் கலம் வெறுமையாகும். நோர்வே மோட்டார்ச் சங்கத்தார் 2020 ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் 20 மின்வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது, சொல்லப்பட்ட தூரத்திற் சராசரியாக நூற்றுக்கு 18.5 குறைந்ததாகக் கண்டனர். அதனினும் கொடிய குளிரில் அதனினும் அதிகம் குறையும். மின்வண்டியைத் தெய்வமாக்குவோர் இதனை மறைப்பர். அதனை வெறுப்போர் இதை மட்டுமே சொல்வர். இருதிறத்தாரோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

நாளாந்த வாழ்வில் இவை எவையும் தொல்லையல்ல. இரவில் வீட்டுத் தொகுதியின் கீழ்த்தளத்தில் மின்னேற்றியில் மாட்டிவிடுவேன். காலை ஆறு மணிக்குக் கைத்தொலைபேசியில் ஒரு தொடுகை. புறப்படும்போது வண்டியின் உள்ளும் கலமும் வெம்மையுற்றிருக்கும். கலத்திலிருந்தன்றிச் சுவரிலிருந்து வந்த மின்சாரமாதலால் ஓடுதூரத்திற் குறைவில்லை. இந்நாட்டின் வடகோடியில் மீன் பதனிடும் சாலைகளில் உழைத்த நம் மூத்தோர், எண்பதுகளில் மோட்டார் இயந்திரத்தைக் கொதிநீரூற்றியும் கெஞ்சியும் உயிர்ப்பித்த கதைகளைக் கேட்கும்போது, எனக்கு இது கனவு போலத் தோன்றும்.

வகுப்பிலே ஒரு மாணவி, வழியிற் கலம் வெறுமையாகிவிடுமோ என்ற அச்சத்துக்குத் தமிழ்ச் சொல் யாது என வினாவினாள். நோர்வே மொழியில் அதற்கு ஒரு தொகைச்சொல் வழக்கில் உண்டு. 'எட்டுதூர அச்சம்' என்றேன். "அப்பாவுக்கு அது இருக்கு சேர்" என்றாள். வகுப்பு முழுதும் சிரித்தது.

அவ்வச்சம் எனக்கும் ஒருமுறை வந்தது. 2024 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். வடக்கே கௌட்டோகைனோ என்னும் ஊரிற் பூச்சியத்துக்குக் கீழே 43.5 பாகை பதிவான மாதம் அது. முன்னர்க் குறித்த என் வகுப்புத் தோழன் துரொண்ட்ஹைம் நகரில் வாழ்பவன். ஒருநாள் மாலை அவன் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, நெஞ்சைத் திறக்கவேணுமெண்டு சொல்லுறாங்கள். காலமை எட்டு மணிக்குக் கொண்டுபோவினம். இவர் உங்களைக் கேக்கிறார். ஒருக்கால் வரமாட்டியளே?" என்றாள். கடைசி விமானம் போய்விட்டது. 2023 ஆகஸ்ட் புயல்மழையில் ரிங்கெபுவிலே புகையிரதப் பாலம் இடிந்து, அவ்வழி துண்டுபட்டுக் கிடந்தது. எஞ்சியது வீதி ஒன்றே: ஏறக்குறைய 500 கிலோமீற்றர், இடையிலே டோவ்ர மலை.

மாலை ஆறரைக்கு நிறைந்த கலத்தோடு புறப்பட்டேன். லில்லஹம்மரில் முதல் நிறுத்தம். அங்கு எல்லாம் செவ்வனே நடந்தது. மலையடிவாரத்து டொம்போஸை அடையும்போது இரவு பதினொன்றரை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகை. கலத்தில் நூற்றுக்கு 17 மிச்சம். அங்கிருந்த நான்கு மின்னேற்றிகளில் இரண்டு உயிரற்றிருந்தன. எந்த நிறுவனத்தாருடையவை என்பது இங்கு வேண்டா. மற்ற இரண்டிலும் வண்டிகள் நின்றன. காத்திருக்கக் காத்திருக்க என் கலம் குளிர்ந்துகொண்டே போனது. அரைமணி கழிந்தபின் ஒரு வண்டியின் கண்ணாடியைத் தட்டி, உள்ளிருந்த முதியவளிடம் வைத்தியசாலைச் செய்தியைச் சொன்னேன். இந்நாட்டார் சொல் சுருங்கியவர்கள். அவள் ஒன்றும் வினவாமல் இறங்கி, தன் வண்டியின் வடத்தைக் கழற்றி என் கையிலே தந்து, "எனக்கு இன்னும் அறுபது கிலோமீற்றர்தான், போதும்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

விறைத்த கலம் மெல்லவே உண்டது. வழக்கமாக 70 கிலோவாற்றுக்கு மேல் ஏறுவது அன்று முப்பதிலே தொடங்கியது. ஒன்றேகால் மணி நேரம் நின்று நூற்றுக்கு 85 கண்டேன். துரொண்ட்ஹைமுக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். கணக்குப்படி 54 கிலோவாற்று மணியோ அதனினும் சற்றுக் கூடவோ வேண்டும். கலத்தில் இருந்ததும் ஏறக்குறைய 54. இன்னும் நின்றால் கலம் நிரம்பும்; ஆனால் நிரம்பும் தறுவாயில் மின்னேற்றம் ஆமைநடை நடக்கும். ஒப்டால் என்னும் ஊரில் வேறு மின்னேற்றிகள் உண்டென்று அறிவேன், அவையும் உயிரற்றிருந்தால்? வெப்பமூட்டியை 16 பாகைக்குத் தாழ்த்தி, கம்பளியைக் காலிற் சுற்றிக்கொண்டு, 70 கிலோமீற்றர் வேகத்திற் புறப்பட்டேன்.

வீதி 1,026 மீற்றர் உயரத்தில் யெர்கின் என்னும் இடத்தைத் தாண்டுவது. ஏற ஏறக் கலத்தின் எண் கண்முன்னே இறங்கியது. பனி வெளியிலே வேறு ஒரு விளக்கும் இல்லை. மின்வண்டிக்கு ஓசை இல்லையாதலால், ரயரின் கீழே பனி நெரிபடும் ஒலி மட்டுமே கேட்டது. மனத்தில் அச்சம் இரண்டு: இந்தக் குளிரில் வண்டி நின்றுவிடின் என்னாகும் என்பது ஒன்று; எட்டு மணிக்குள் போகாவிடின் என்னாகும் என்பது மற்றொன்று. இரண்டாவதே பெரிதாயிருந்தது. உச்சி கடந்து டிரீவா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே இறங்கத் தொடங்கியதும், மோட்டார் டைனமோவாயிற்று. என் வண்டியை ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஏறக்குறைய 5 கிலோவாற்று மணி வேண்டும். கடல்மட்டம்வரை இறங்கும் நீண்ட வழியில் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். மலை வாங்கிய கடனைத் தவணை தவணையாகத் திருப்பித் தந்தது. ஒப்டாலைக் கடக்கும்போது கணக்கு மீண்டும் என் பக்கம் சாய்ந்திருந்தது. நிற்காமலே சென்றேன்.

வைத்தியசாலை வாசலை அடைந்தபோது விடிகாலை நாலரை. அனுமதி பெற்று ஆறு மணியளவில் அவன் கட்டிலருகே சென்றேன். மூக்கிலே குழாய், கையிலே ஊசி. என்னைக் கண்டதும் அவன் கேட்டது இதுதான்: "மச்சான், எத்தினை வீதம் மிச்சம்?"

"ஒன்பது" என்றேன்.

"டோவ்ர ஏறி இருவத்தாறு பாகைக் குளிரிலை ஒன்பதோ? பரவாயில்லை. ரயருக்குக் காத்துப் பார்த்தனியோ?" என்றான். பிறகு பேசவில்லை, எட்டு மணிவரை என் கையை விடவும் இல்லை. சத்திரசிகிச்சை ஐந்து மணி நேரம் நடந்தது. அவன் பிழைத்தான்.

அதே மாதத்திற் சிக்காக்கோ நகரில் மின்வண்டிகள் பல குளிரில் மின்னேற்ற இயலாது வரிசையாய் நின்றுவிட்ட படங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. தோழன் படுக்கையில் இருந்தவாறே அவற்றைப் படித்து, மின்னேற்றுமுன் கலத்தைச் சூடாக்கவேண்டும் என்ற பாடத்தை எனக்கு மூன்று முறை தொலைபேசியில் ஓதினான். இப்போது அவனும் மின்வண்டி வைத்திருக்கிறான். கிழமைதோறும் தன் செலவுக் கணக்கை எனக்கு எழுதியனுப்புகிறான். அவன் கணக்கு என்னுடையதிலும் குறைவாகவே இருக்கும். அதில் எனக்குச் சிறிது ஐயமுண்டு.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபின், ஊரிலுள்ள என் மருமகன் ஒரு மின்வண்டியை விலை பேசிவிட்டு, குளிரைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தான். உங்களுக்குக் குளிராற் பயமில்லை, பகை வெயிலே என்று விடை எழுதினேன். குளிர் கலத்தைச் சோர்வுறச் செய்யும்; வெம்மை வந்ததும் அது பழையபடி எழுந்துவிடும். வெப்பமோ கலத்தை மெல்ல மெல்ல முதுமையாக்கும்; அம்முதுமை மீளாது. காற்றால் மட்டுமே குளிரும் கலம் கொண்ட பழைய வண்டிகள் வெப்ப நாடுகளில் விரைவிலே வலுவிழந்தது இதனாலேயே. திரவத்தாற் குளிரூட்டப்படும் கலமா என்று முதலிற் கேட்டறியும்படியும், நூற்றுக்கு நூறு நிரப்பி நாட்கணக்கில் வெயிலில் விடாதிருக்கும்படியும் சொன்னேன். முற்றத்து வேப்பமரத்தின் கீழே நிறுத்தலாமா, பறவை எச்சம் விழுமே என்று மறுகடிதம் எழுதியிருக்கிறான். நிறுத்தலாம், கழுவிக்கொள் என்று எழுதினேன்.