மொரப்பூரில் கரைத்த கடல்

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்துப் பல் காவியேறிய தலைமுறைகள் இங்கே உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், குடிக்க எந்தத் தண்ணீர், துவைக்க எந்தத் தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு கணக்கு இருக்கிறது. இந்த மாவட்டத்து மொரப்பூரில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து மாண்டிஸ் இறால் என்னும் கடல் உயிரை வளர்க்கிறார் ஓர் இளைஞர். தண்ணீருக்கு என்ன செய்கிறார் என்று கேட்கத்தான் நான் போனேன்.

கேன் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆலையில் மெஷின் பார்ப்பது அவர் தொழில். "மீனு வளக்கறவங்க மீனப் பாப்பாங்க சார். நான் தண்ணியப் பாக்கறவன்" என்றார். ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டிய நீரை நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, கடல் உப்புக் கலவையைப் போட்டு, சின்ன மோட்டாரால் இரவு முழுக்கச் சுழல விடுகிறார். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நூறு லிட்டர் தண்ணீரைக் கடலாக்க மூன்றரைக் கிலோ. காலையில், உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு, கடல்நீரின் ஒப்படர்த்தியான 1.025-இல் நின்றது. அதற்குக் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கோட்டை இறக்கியிருப்பார்.

தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் என்ன என்று கேட்டேன். எல்லோரும் கேட்பதுதானாம். உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடுகிறது, அதோடு கால்சியத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு சமையல் உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசி நீரிலேயே தங்கி, வடித்து விடப்படுகின்றன. ஆக, மூட்டையில் வருவது கடலின் ஒரு பகுதி மட்டுமே. ஓடு கட்டி வாழும் உயிருக்குக் கால்சியமும் மக்னீசியமும் இல்லாத உப்புநீர் உதவாது. லிட்டர் கடல்நீரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் அளவில். அந்த விகிதத்தில் கலந்த பொட்டலத்தைத்தான் சென்னையிலிருந்து வரவழைக்கிறார்.

இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. இந்த மாவட்டத்தையே பயமுறுத்திய ஃபுளோரைடு, கடல்நீரில் இயல்பாகவே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. குடிநீருக்கு இந்தியத் தரம் விதிக்கும் உச்ச வரம்பான 1.5-க்கு அது பக்கம்தான். இறாலுக்கு அது பழகிய சரக்கு. அவர் அஞ்சுவது குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கும், கிணற்று நீரின் நைட்ரேட்டுக்கும், எல்லாவற்றையும்விடத் தாமிரத்துக்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு தாமிரம் முதுகெலும்பில்லாத கடல் உயிர்களைக் கொன்றுவிடும். அதனால் டிரம்மிலிருந்து தொட்டி வரை பித்தளைத் திருகு ஒன்றுகூட இல்லை. வால்வு, நிப்பிள் எல்லாம் பிளாஸ்டிக். ஆர்.ஓ. கழிவுநீர் வாசல் தென்னைக்குப் போகிறது.

தொட்டியைச் செய்தவர் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர். ஜன்னலுக்கும் ஷோகேஸுக்கும் வெட்டுகிற அதே கை. வைரக் கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போட்டு, மேசை விளிம்பில் வைத்துத் தட்டி உடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரத்தைத் தின்னர் துணியால் துடைத்த பிறகு விரல் பட விடவில்லை. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சிலிக்கோன் பசை பிடிக்காது என்றார். பசைத் துப்பாக்கியை நிறுத்தாமல் மூலைக்கு மூலை ஓட்டி, ஒட்டிய தொட்டியை ஒரு வாரம் காய விட்டபின்தான் தண்ணீர் நிரப்பச் சம்மதிக்கிறார். இந்தத் தொட்டிக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி. அடியில், மணலுக்குக் கீழே, அக்ரிலிக் தகடு. இறால் குழி தோண்டும்போது அடிக்கண்ணாடியைத் தாக்கும் என்பதால் அந்தத் தகடு. மிகையான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை. 1998-இல் இங்கிலாந்தில் ஒரு மாண்டிஸ் இறால் கால் அங்குலக் கண்ணாடியை உடைத்த கதை இந்த வளர்ப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

சென்னை காசிமேட்டில் இழுவலையில் குவியலாக வருகிற சாம்பல் நிற மாண்டிஸ் இறால்கள் ஈட்டிக்கார வகை. முள் வைத்த கையால் மீனைக் குத்திப் பிடிக்கும். கோழித் தீவனத்துக்கும் உரத்துக்கும் காய்ந்துபோகிற அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. மொரப்பூரில் இருப்பது மயில் மாண்டிஸ், சம்மட்டிக்கார வகை. கும்பிடுபூச்சி போலக் கையை மடித்து வைத்திருக்கும் அது, முட்டியால் அடிக்கும். அந்த அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதை ஆய்வாளர் ஷீலா பாடெக் குழுவினர் 2004-இல் அதிவேகக் கேமராவில் அளந்தார்கள். கை பாயும் வேகத்தில் நீரே கிழிந்து குமிழியாகி, அந்தக் குமிழி உடைவது இரண்டாவது அடியாக விழுகிறது.

அறை விளக்கை அணைத்துவிட்டு, இளைஞர் காலிச் சங்கு ஒன்றில் இறால் சதையை அடைத்து இடுக்கியால் இறக்கினார். மணலில் புதைத்த பி.வி.சி. குழாய்தான் மாண்டிஸ் இறாலின் வளை. முதலில் காம்புக் கண்கள் இரண்டும் வெளியே வந்தன. ஒன்று சங்கையும் ஒன்று என்னையும் பார்த்தன. பச்சை உடம்பு, செம்மஞ்சள் கால்கள், தோளோரம் சிறுத்தைப் புள்ளிகள். நிதானமாக வந்து, உணர்கொம்பால் சங்கைத் தடவி, உருட்டி, உதட்டுப் பக்கம் தனக்கு நேராக வரும்படி திருப்பிக்கொண்டது. அடுத்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசற்படியில் தேங்காய் உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சங்கின் விளிம்பில் ஒரு துண்டு தெறித்திருந்தது. இரைக்கு, அறுவடை வயலில் கிடைக்கிற நத்தையும் நண்டும் சும்மாவே வரும். ஆனாலும் பூச்சிமருந்துக்குப் பயந்து அவர் அவற்றைத் தொடுவதில்லை.

வெயில் காலம்தான் அவருக்குச் சோதனை. தொட்டி 28 டிகிரியைத் தாண்டாமலிருக்க மேலே மின்விசிறி ஓடும், ஓட ஓட நீர் ஆவியாகும், உப்பு ஏறும். குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். அந்த இடத்தில் உப்புநீரை ஊற்றித்தான் பலர் கெடுக்கிறார்கள் என்கிறார். மின்சாரம் போனால் பேட்டரி ஏர்பம்ப். அவர் வேலைக்குப் போன நேரத்தில் அதை மாட்டுவது அவருடைய அம்மா. ஓடு கழற்றும் நாட்களில் இறால் வளையின் வாயைக் கல்லும் மணலும் வைத்து அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும், தின்னாது. "செத்துப்போச்சோன்னு குழாயப் புடுங்கிப் பாத்தா அப்பத்தாம்மா சாவும்" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

தொட்டியில் பவளக்கல் இல்லை. பவளம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு கல்லை எடுப்பதும் குற்றம். சிமெண்டும் கிளிஞ்சல் தூளும் பிசைந்து அவரே வார்த்த கற்களில்தான் கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியேறியிருக்கிறது. அது குடியேற ஆறு வாரம் போல ஆனது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவருடைய இந்தக் கண்டிப்பு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். மாண்டிஸ் இறால் அப்படி இல்லை. குஞ்சுகள் மிதவை உயிர்களாகப் பல வாரம் அலைந்து வளர்பவை, கடைக்கு வருபவை கடலில் பிடித்தவை. ஒன்று செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்பது, கடலிலிருந்து இன்னொன்றைப் பிடித்துவரச் சொல்வதுதான். இந்த ஆசையை நான் முழுமனதாக ஆதரிக்க மாட்டேன். ஆனால் வைத்திருப்பவர் இவ்வளவு பாடுபட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கே கிடைக்கும் என்று கேட்டு அவரிடம் பையன்கள் வருகிறார்கள். முகவரி தருவதில்லை. உப்புநீரைக் கலந்து, உயிர் எதுவும் விடாமல், இரண்டு மாதம் தொட்டியை ஓட்டி, உப்பு, அம்மோனியா, நைட்ரேட், சூடு நான்கையும் தினமும் நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார். பெரும்பாலானவர்கள் திரும்பி வந்ததில்லை. நான் இருந்த அன்று அரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் நாற்பது பக்க நோட்டோடு வந்திருந்தார். புரட்டிப் பார்த்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மூன்று நாள் அம்மோனியா ஏறியிருந்தது. "என்ன போட்ட தம்பி?" என்று கேட்டார். மாணவர் தயங்கி, ஊர் ஏரியில் அள்ளிய மணல் என்றார். அதை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி அனுப்பினார்.