வில்லை வளைத்தவனை வில் வளைத்தது!

லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறினால், சுமார் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போர்ட்ஸ்மத் துறைமுகம். பிளாட்ஃபாரத்தில் கால் வைக்கும்போதே உப்புக் காற்று முகத்தில் அடிக்கிறது. பழைய கப்பற்படைத் தளம் கூப்பிடு தூரத்தில். கூட்டம் நெல்சனின் ‘விக்டரி’ கப்பலைப் பார்க்க ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே கறுப்பாக, மூடி வைத்த சிப்பி மாதிரி ஒரு கட்டடம் இருக்கிறது. ‘மேரி ரோஸ்’ மியூஸியம். விஷயம் அங்கேதான்.

மேரி ரோஸ், எட்டாம் ஹென்றியின் செல்லக் கப்பல். (ஆறு மனைவிகள் கட்டினாரே, அதே ராஜாதான்!) 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக் கப்பற்படையோடு மோதக் கிளம்பி, கரையில் ராஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து மூழ்கியது. எதிரி ஏறாமலிருக்க மேல்தளத்தில் வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையே உள்ளே இருந்தவர்களை வெளியே வரவிடாமல் தடுத்துவிட்டது. சுமார் 500 பேரில் 35 பேர்கூடத் தேறவில்லை.

437 வருஷம் சேற்றில் தூங்கிய கப்பலின் பாதி உடலை 1982 அக்டோபர் 11 அன்று தூக்கினார்கள். அதற்கு முன்பும் பின்பும் முக்குளிப்பவர்கள் மேலே கொண்டுவந்த சாமான்களில் சீப்பு, பகடைக்காய், செருப்பு, ஒரு நாயின் எலும்புக்கூடு எல்லாம் உண்டு. ஆனால் நிபுணர்களைத் துள்ளிக் குதிக்க வைத்தவை வேறு. முழுசாக 137 வில்கள்! 3,500-க்கு மேல் அம்புகள்!

ஏன் துள்ளினார்கள்? ‘லாங்போ’ என்கிற அந்த நெட்டை வில்லை வைத்துத்தான் இங்கிலாந்து 1346-ல் கிரெஸியிலும் 1415-ல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுக்காரர்களைப் புரட்டியெடுத்தது. புகழ் ஏராளம். சாம்பிளுக்குக் காட்ட வில்தான் கிட்டத்தட்ட இல்லாமல் இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருக்கிறார்கள். உடன் வந்த நண்பருக்கு ஏமாற்றம். “என்ன ஸார் இது, ஒட்டடைக் கம்பு மாதிரி இருக்கு!”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறடிக்கு மேல் நீளம், நடுவில் கைப்பிடிக் கனம், வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கம்பு, ‘யூ’ என்கிற ஊசியிலை மரத்தில் செய்தது. பட்டையை ஒட்டிய வெளிர் மரம் இழுத்தால் தாங்கும். உள்ளே இருக்கும் சிவந்த வைர மரம் அமுக்கினால் தாங்கும். இரண்டும் சேரும் இடமாகப் பார்த்துச் செதுக்கி, வெளிர்ப் பக்கத்தை எதிரியைப் பார்க்க வைத்தார்கள். இரண்டு தினுசு மரத்தை ஒட்டும் வேலையை இயற்கையே இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டது! இங்கிலாந்தில் கிடைத்த நல்ல யூ போதவில்லை. 1472-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு கொண்டுவரும் வியாபாரி, டன்னுக்கு நாலு வில்கட்டையும் கொண்டுவர வேண்டும்!

சரி, பலம் எவ்வளவு? இன்றைக்கு ஒலிம்பிக்ஸில் ஆண்கள் இழுக்கும் வில்லின் விசை சுமார் 50 பவுண்டு. மேரி ரோஸ் வில்களுக்கு நிபுணர்கள் போட்ட கணக்கு 100 முதல் 185 பவுண்டு. பெரும்பாலானவை 150-ஐ ஒட்டி. கிலோவில் சொன்னால் 68. நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் இரண்டைக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று விரலால் காது வரை இழுத்துப் பாருங்கள். வேண்டாம், ஆஸ்பத்திரி செலவு யார் கொடுப்பது?

வெறும் கைப்பலத்தில் இதை இழுக்க முடியாது. பக்கவாட்டில் நின்று, வில் பிடித்த கையை முன்னே தள்ளி, முதுகை விரித்து, மொத்த உடம்பையும் வில்லுக்குள் நுழைப்பது போல ஒரு அசைவு. நாண் காதுப்பக்கம் வந்ததும் விட்டுவிட வேண்டும். இழுத்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, குறிபார்த்து, வசனம் பேசுவதெல்லாம் சினிமாவில் மட்டும்! 1549-ல் ராஜாவின் முன் பிரசங்கம் செய்த ஹியூ லாட்டிமர் என்ற பாதிரியார், கையால் இல்லாமல் உடம்பால் இழுக்கத் தன் அப்பாதான் கற்றுக்கொடுத்தார் என்றும், வயசு ஏற ஏற பெரிய வில்லாக வாங்கித் தந்தார் என்றும் சொல்லியிருக்கிறார்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வில்லைச் சீக்கிரம் செதுக்கிவிடலாம். வில்லாளியைச் செதுக்கப் பல வருஷம் வேண்டும்.

அரசாங்கத்துக்கு அது தெரிந்திருந்தது. 1363-லேயே மூன்றாம் எட்வர்ட் உத்தரவு போட்டார். லீவு நாளில் திடகாத்திரமான ஆண்கள் எல்லோரும் வில் பழக வேண்டும். ஃபுட்பால் ஆடினால் ஜெயில்! எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டப்படி, 7 முதல் 17 வயது வரை பையன்கள் இருக்கும் வீட்டில் ஆளுக்கு ஒரு வில்லும் இரண்டு அம்பும் இருந்தாக வேண்டும். 24 வயசைத் தாண்டியவன் 220 கஜத்துக்குக் குறைந்த தூரத்தில் குறி வைத்துப் பழகக்கூடாது என்றும் 1541-ல் சட்டம். ஆக, ஒரு தேசத்தின் ஞாயிற்றுக்கிழமைகளை ராஜா மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அம்பு மந்திர அஸ்திரம் இல்லை. நல்ல எஃகு மார்புக் கவசத்தை நேருக்கு நேர் துளைப்பது கஷ்டம் என்று இன்றைய சோதனைகள் காட்டுகின்றன. குதிரை, முகத் திறப்பு, கவசத்தின் இடுக்கு, இவைதான் இலக்கு. அஜின்கோர்ட்டில் சேறும் கூட்டணி சேர்ந்தது. அம்புக்கும் தட்டுப்பாடு வரும். மேரி ரோஸின் கணக்குப் புத்தகத்தில் 250 வில், 400 கட்டு அம்பு. கட்டுக்கு 24 என்றால் 9,600. நிமிஷத்துக்கு ஆறு என்று எய்தால், ஆறரை நிமிஷத்தில் ஸ்டாக் காலி!

துப்பாக்கி வந்தது. மெதுவாகச் சுட்டது, மழையில் மக்கர் செய்தது. ஆனாலும் ஜெயித்தது. கொஞ்ச காலப் பயிற்சியில் யார் கையிலும் கொடுத்துவிடலாமே! 1595-ல் ஊர்ப்படைகளுக்கு இனி வில் வேண்டாம் என்று எலிசபெத் அரசாங்கம் சொல்லிவிட்டது.

மியூஸியத்தில் வில்லைவிட அதிக நேரம் நிற்க வைப்பவை எலும்புகள். நம் தோள்பட்டை நுனியில் ஒரு துண்டு எலும்பு, இருபது வயசு வாக்கில் மற்றதோடு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கப்பலில் பல பேருக்கு அது ஒட்டவே இல்லை. சின்ன வயசிலிருந்தே வில் இழுத்து இழுத்து, ஒட்ட அவகாசம் கொடுக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். முறுகிய முதுகெலும்போடு ஒருத்தர் இருக்கிறார். பெயர் தெரியாது, உத்தியோகம் தெரிகிறது! கம்ப்யூட்டர் முன்னால் கழுத்தை நீட்டி உட்காரும் நாமும் ஒருநாள் இப்படித்தான் அடையாளம் காட்டப்படுவோமோ என்று நண்பர் தன் பிடரியைத் தடவிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரயிலைப் பிடிக்க அவசரப்படாமல், பழைய போர்ட்ஸ்மத் பக்கம் நடந்து கதீட்ரலுக்குள் போய் வாருங்கள். மேரி ரோஸில் இறந்த ஒருவரை 1984 ஜூலை 19 அன்று, கப்பல் மூழ்கிய அதே தேதியில், அங்கே முறைப்படி அடக்கம் செய்தார்கள். வில்லாளியோ, பீரங்கிக்காரரோ, சமையல்காரரோ, யாருக்கும் தெரியாது. 439 வருஷம் கழித்துத்தான் அவருக்கு முழு லீவு கிடைத்திருக்கிறது.