ஷிம் கனத்தில் அடங்கும் அழுத்தம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹென்னிகர் என்னும் ஊரில் 1981 ஜூன் 27 அன்று பன்னிருவர் காட்டுக்குள் ஆடிய முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தில் பயன்பட்டவை, மரங்களிலும் மாடுகளிலும் சாய அடையாளமிடுவதற்காக உருவான துப்பாக்கிகளாகும். அவற்றை இயக்கிய கார்பன் டை ஆக்சைடு, குளிர்ந்தால் அழுத்தம் குன்றிவிடும் இயல்புடையது என்பதால், பிற்காலத்தில் அதன் இடத்தை அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பெருமளவு பிடித்துக்கொண்டது. இத்துப்பாக்கிகளையும் அவற்றின் காற்றுக் கருவிகளையும் சீர்செய்து தரும் தொழிலாளரை ஆட்டக்காரர்கள் 'ஏர்ஸ்மித்' என்கின்றனர். இரும்பை வசப்படுத்துபவர் கொல்லர் எனில், இவரைக் காற்றுக் கொல்லர் என்பது தகும்.

கார் டயரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டை ஒட்டியிருக்க (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு என்னும் இவ்வலகே பி.எஸ்.ஐ. எனப்படுகிறது), அலுமினியச் சிலிண்டரில் 3000, கார்பன் இழை சுற்றிய சிலிண்டரில் 4500 பி.எஸ்.ஐ. வரை காற்று அடைக்கப்படுகிறது. துப்பாக்கி இதைத் தாங்காது. ஆகவே சிலிண்டரின் கழுத்தில் திருகப்பட்ட ரெகுலேட்டர், அதைப் பொதுவாக 800 பி.எஸ்.ஐ. அளவுக்கும், குறையழுத்த வகையாயின் 450 அளவுக்கும் தணித்து வெளிவிடுகிறது. பல ரெகுலேட்டர்களில் இந்த அளவை மாற்ற வெளியே திருகு எதுவும் இல்லை.

ரெகுலேட்டரினுள் நடுவே துளையுள்ள பிஸ்டன் ஒன்று உண்டு. கிண்ணம்போல் சற்றே குழிந்த வட்டத் தகடுகளை அடுக்கியமைத்த ஸ்பிரிங் அதைத் தள்ளிக் காற்றின் வழியைத் திறந்து வைக்க, துளை வழியே ஏறிய காற்று பிஸ்டனின் அகன்ற தலையை எதிர்த்தழுத்தி அவ்வழியை அடைக்கிறது. இவ்விரு விசைகளும் சமனாகும் இடத்தில் வெளியழுத்தம் நிலைகொள்கிறது. ஆதலால் ஸ்பிரிங் அடுக்கின் கீழ் 'ஷிம்' எனப்படும் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தால் ஸ்பிரிங் முன்கூட்டியே இறுகி அழுத்தம் கூடுகிறது, எடுத்தால் குறைகிறது.

ஏர்ஸ்மித்தின் வேலை மேசையில் முதலில் நிகழ்வது சிலிண்டரைக் காலியாக்குதல். கேஜ் முள் பூஜ்யத்தைக் காட்டினாலும் முள்ளை மட்டும் நம்பாமல் மிச்சக் காற்றை வெளியேற்றிய பிறகே, சிலிண்டர் கழுத்தின் இணைப்பைத் தொடாமல், ரெகுலேட்டரின் மேல்மூடி மட்டும் கழற்றப்படுகிறது. தகடுகள் எடுத்த வரிசையிலேயே துணியில் பரப்பப்படுகின்றன. ஒரு தகடு தலைகீழானாலும் ஸ்பிரிங்கின் வலு மாறிவிடும். உயரழுத்தக் காற்றில் சாதாரண பெட்ரோலிய எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் அது மேசைக்கு அருகே வருவதில்லை.

மீண்டும் பூட்டிக் காற்றை மெல்ல நிரப்பி, ரெகுலேட்டரின் வாயில் சோதனைக் கேஜைப் பொருத்திக் காத்திருக்கும் பொழுதில்தான் இத்தொழிலின் திறம் முழுதும் வெளிப்படுகிறது. முள் உரிய எண்ணில் நின்றபின் மீண்டும் மெல்ல ஏறத் தொடங்கினால், பிஸ்டன் முனை அமரும் இருக்கை தேய்ந்திருக்கிறது என்று பொருள். எத்தனை ஷிம்மை மாற்றினாலும் இது தீராது, இருக்கையையே மாற்றவேண்டும். இந்த ஏற்றம் கட்டுமீறினால் உடைந்து காற்றை வெளியேற்றுவதற்கென, வெளியழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 1800 பி.எஸ்.ஐ. அளவுக்குரிய பாதுகாப்புத் தகடு ஒன்று பொருத்தப்பட்டுள்ளது.

சாயக் குண்டின் வேகத்தைக் கூட்டுவதற்காகச் சிலிண்டரின் வெளியழுத்தத்தைக் கூட்டக் கேட்பது தவறான கோரிக்கையாகும். நொடிக்கு 300 அடிக்கு மேற்படாமல் களங்கள் வரையறுக்கும் அவ்வேகம் துப்பாக்கியிலேயே சரிசெய்யப்பட வேண்டியது. சிலிண்டருக்கோ அமெரிக்க விதிப்படி குறித்த காலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நீரழுத்தச் சோதனை தேவை என்பதால், தேர்ந்த ஏர்ஸ்மித் ஸ்பானரை எடுக்குமுன் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படிக்கிறார்; தவணை கடந்திருந்தால் ரெகுலேட்டரைத் திறக்காமலே திருப்பிக் கொடுக்கிறார்.