ஏரியோரப் பள்ளியின் தலைக்கணக்கு

பாடம் நடத்துவதற்கு அடுத்தபடியாக ஒரு தலைமை ஆசிரியருக்குக் கைவர வேண்டிய வித்தை பிள்ளைகளை எண்ணும் வித்தையே என்பதை, பழவேற்காட்டு ஏரியோரக் குப்பமொன்றின் ஆரம்பப் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நான் பூரணமாக உணர்ந்தேன். பொதுப்பணத்தைத் தலைக்கணக்கால் பங்கிடுவதில் அநியாயம் ஒன்றுமில்லை. எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதில்தான் சங்கடமெல்லாம்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர் என்று வகுத்திருக்க, நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1 நிலவரமே பணியிடத்தை நிர்ணயிப்பதால், அறுபத்தொன்றாவது பிள்ளை மீஞ்சூர்த் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால், மூன்றாம் ஆசிரியர் 'உபரி'யாகிப் பணிநிரவலில் வேறூர் போக நேரும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பராமரிப்பு மானியமும் படிக்கட்டுதான்: 30 பேர் வரை வருஷத்துக்கு 10,000 ரூபாய், 31 ஆனால் 25,000. (முப்பத்தொன்றாவதாகச் சேரும் பொடியனுக்குத் தன் மதிப்பு தெரியாதது நல்லதே!) உப்புக்காற்றோ தாட்சண்யம் பார்ப்பதில்லை, ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் செதில் செதிலாய் உதிர்வது பிள்ளைகள் குறைந்தார்கள் என்பதற்காக நிற்பதுமில்லை.

சத்துணவுக் கணக்கு இந்த ஆண்டுக் கணக்குக்கு நேர்மாறானது. "இன்னிக்கு எத்தனை சார்?" என்று காலையில் அமைப்பாளர் அம்மா கேட்பார், பிள்ளைக்கு 100 கிராம் வீதம் அரிசி அன்றன்று அளக்கப்படும். முகத்துவாரம் மணல் மூடி மீன்பாடு குறைந்தாலும், நீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இடம் மாறினாலும், அந்த அளவே முதலில் காட்டிக் கொடுக்கும். ஆகஸ்ட் கணக்குக்கு இந்த ஏற்ற இறக்கம் புலப்படாது.

சீட்டெடுத்து முறை வைத்து வலை போடும் 'பாடு' வழக்கத்து எங்கள் மீனவப் பெரியவர்களுக்கு, ஒரு நாள் கணக்கை நம்பக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். ஒருவனுக்கு ஒரு நாள் மீன் படவில்லை என்பதற்காக அவனுடைய அடுத்த முறை பறிபோவதில்லை. இதே நியாயத்தை ஒட்டியதுபோல, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2022 முதல், நடப்பாண்டு, சென்ற ஆண்டு, முந்தைய மூன்றாண்டுச் சராசரி ஆகிய வருகைக் கணக்குகளில் எது அதிகமோ அதையே தன் பள்ளி மாவட்டங்களின் நிதிக்கு ஆதாரமாகக் கொள்கிறது. அத்தகைய சராசரியொன்று இங்கும் வாய்க்குமானால், மீன்பாடற்ற ஒரு வருஷத்துக்காக ஓர் ஆசிரியரை இழந்து, பிள்ளைகள் திரும்பி வந்தபின் அந்த இடத்துக்காக மறுபடியும் மனுப்போட்டுக் காத்திருக்கும் அவஸ்தை எங்களுக்கு நேராது.