பின்பட்டச் சோளம்

இன்டர்லாக்கனில் இனிப்புச் சோளத்தை மே நடுவில் நடுவதுதான் வழக்கம். மே 11 முதல் 15 வரை ‘பனிப் புனிதர்’களின் நாட்கள். அவை கழியும்வரை குளிர் தாங்காத எந்தப் பயிரையும் வெளியே விடமாட்டார்கள் இங்கத்தைய தோட்டக்காரர். அந்த நேரம் என் துண்டுக் காணியில் பட்டாணி பூவும் பிஞ்சுமாக நிற்கும். அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வராது. ஜூன் நடுவில் கடைசிக் காயையும் ஆய்ந்துவிட்டுக் கொடியை நிலமட்டத்தில் அறுத்துவிடுவேன். முடிச்சு வேர்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்து உக்கட்டும், அவற்றில் தழைச்சத்து இருக்கிறது. சோளத்துக்கு இடம் கிடைப்பது அதற்குப் பிறகுதான்.

“அண்ணை, இனி நட்டு எப்ப முறிக்கிறது?” என்று ஹோட்டல் சமையலறையில் என்னோடு நிற்கும் தம்பி கேட்பான். கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வித்தியாசம், வெப்பமோ எந்நாளும் உண்டு. இறைக்கத் தண்ணீர் இருந்தால் சோளம் விளையும். இங்கே ஜூன் 21-இல் பதினைந்தே முக்கால் மணி நேரம் வெளிச்சம். செப்டம்பர் கடைசியில் அது பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். தண்ணீர் குழாயில் வருகிறது. தட்டுப்பாடு சூட்டுக்குத்தான்.

பின்பட்டத்தில் நடுபவர் பலர் உறைபனிக்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அதற்கு அல்ல. தூன் ஏரியும் பிரியென்ஸ் ஏரியும் இரண்டு பக்கமும் கோடைச் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் இந்தச் சமவெளிக்கு உறைபனி பெரும்பாலும் அக்டோபரில்தான் வருகிறது. சோளம் அதற்கு முன்பே நின்றுவிடும். சாகாது, பச்சையாகவே நிற்கும், ஆனால் வளராது. பத்து டிகிரிக்குக் கீழே அதற்கு வளர்ச்சியே இல்லை. ஆகவே ஒரு நாளின் சராசரி வெப்பத்தில் பத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பயிரின் அன்றைய வரவு. ஜூலையில் சராசரி 18 டிகிரிக்கு அக்கம்பக்கம், வரவு எட்டு. செப்டம்பரில் அது நாலுக்கு இறங்கும், கடைசி வாரத்தில் இன்னும் குறையும். ஜூனில் ஒரு நாள் பிந்தினால் செப்டம்பரில் ஒன்றரை நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். விதைப் பையில் 75 நாள், 80 நாள் என்று போட்டிருப்பது நல்ல கோடைக்குச் சொன்ன கணக்கு. பிந்தி நடுபவர் அதோடு இரண்டு கிழமையாவது கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதனால் நான் நடும் தேதியிலிருந்து முன்னுக்கு எண்ணுவதில்லை. கதிரில் நூல் வெளிவரும் தேதியை முதலில் வைத்துக்கொண்டு பின்னுக்கு எண்ணுகிறேன். ஆகஸ்ட் நடுவில் நூல் வந்துவிட்டால் பால்மணி நிச்சயம். வெயில் காலத்தில் நூல் வந்து மூன்று கிழமையில் முறிக்கலாம், பிந்தினால் நாலு கிழமையும் தாண்டும். ஆகஸ்ட் முடிகிற நேரம் நூல் வந்தால் அது சூதாட்டம். அப்போதைக்குத் தெற்குப் பக்க மலைகளின் நிழலும் நீண்டுவிடும். ஹார்டர் மலையடியில் தெற்கு பார்த்த காணி வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை குறைவு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நாற்று விட்டுத்தான் இதைச் சமாளிக்கலாம். சோளத்துக்கு நாற்றா என்று ஊரில் சிரிப்பார்கள். மே கடைசியில் ஆழமான சிறு சட்டிகளில் ஒவ்வொரு விதையாகப் போட்டு, இரண்டு மூன்று இலை விட்டதும் மண் கட்டி உடையாமல் பாத்திக்கு மாற்ற வேண்டும். அதற்கு மேல் சட்டியில் வைத்திருந்தால் வேர் சுற்றிக்கொள்ளும், பிறகு நட்டாலும் பயிர் ஏங்கிப்போய் நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. இங்கத்தைய காகங்கள் முளையைப் பிடித்து இழுத்து, அடியில் ஒட்டியிருக்கும் விதையைத் தின்றுவிட்டுப் பயிரை வரப்பில் போட்டுவிட்டுப் போகும். வேர் பிடித்த நாற்றிடம் அந்த வேலை பலிக்காது.

ஒரே நீள வரிசையாக நடக்கூடாது. கட்டையான நாலு வரிசையாகச் சதுரத்தில் நட வேண்டும். உச்சிக் கொண்டையிலிருந்து மகரந்தம் காற்றில்தான் இறங்குகிறது, ஒவ்வொரு நூலும் ஒரே ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத நூலுக்கு மணி இல்லை, பொத்தி பொக்கையாகிவிடும். பனி உலர்ந்த காலையில் தண்டை இலேசாக ஆட்டிவிடுவது என் வழக்கம். இந்த இடத்தில் பிந்தி நடுவதற்கு ஒரு ஆதாயம்கூட இருக்கிறது. மாட்டுத் தீவனச் சோளத்தின் மகரந்தம் பட்டால் இனிப்புச் சோளத்தின் மணி மாப்பிடித்துப்போகும். தீவனச் சோளம் முந்தி விதைத்து முந்திப் பூத்து ஓய்ந்துவிடும். என்னுடையது அதன் பிறகுதான் நூல் விடும்.

ரகத்தைத் தெரிவதில் நான் பழமைவாதி. அமெரிக்காவில் பர்பி நிறுவனம் 1902-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோல்டன் பாண்டம்தான் எனக்குப் பிடித்தது. கட்டைப் பயிர், சிறிய கதிர், கெதியில் விளையும். இப்போதைய அதியினிப்பு ரகங்கள் நல்லவைதான். ஜூனில் மண் சூடேறிவிடுவதால் அவற்றின் முளைப்புக் கஷ்டமும் தீர்ந்துவிடும். ஆனால் பெரிய கதிருக்கு ஆசைப்பட்டு 90 நாள் ரகத்தை ஜூனில் நடுவது தீவனத்துக்கு நடுவதுதான்.

இனி ஃபோன் காற்று. மலைக்கு அப்பால் தெற்கிலிருந்து ஏறி இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடும் காற்று. பக்கத்து மைரிங்கன் 1879-இலும் 1891-இலும் எரிந்தபோது தீயை ஊதிப் பரப்பியது இதுதான். கிழக்கே ரைன் பள்ளத்தாக்கின் ரீபெல் சோளத்துக்கோ இது விளைவிக்கும் காற்று. செப்டம்பரில் ஃபோன் அடித்தால் எனக்கும் கொண்டாட்டம். நூல் வரும் வேளையில் அடித்தால் மட்டும் நூல் காய்ந்து கருகிவிடும், அன்றைக்கு இரண்டு தரம் தண்ணீர் விடுவேன். தண்டு சாயாமலிருக்க ஏற்கெனவே மண் அணைத்திருக்க வேண்டும்.

நூல் முற்றாகப் பழுப்பாகி, கதிரின் நுனி மழுங்கியதும் தோலை ஒரு விரல் அகலம் விலக்கி நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். தெளிந்த நீர் வந்தால் பொறுக்க வேண்டும், பால் வந்தால் முறிக்கலாம், பசைபோல் வந்தால் பிந்திவிட்டது. ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பால் பருவம் சில நாளில் ஓடிவிடும். செப்டம்பர்க் குளிரில் அது ஒரு கிழமைக்கு மேலும் நிற்கிறது. முறித்த பிறகும் அப்படியே. 30 டிகிரியில் ஒரே நாளில் இனிப்பின் 60 சதவீதம் வரை மாவாகிவிடும் என்றால் 0 டிகிரியில் போவது 6 சதவீதம்தான். பின்பட்டக் கதிர் சிறிதாக இருக்கும், இனிப்பில் குறைவிராது.

செப்டம்பர் முடியும்போதும் நிரம்பாத கதிர்கள் சில மிஞ்சும். இனி அவற்றை வைத்திருந்து பலனில்லை. மணிகளைக் கத்தியால் வழித்தெடுத்து, தண்டுகளைத் தனியே அவித்த தண்ணீரில் வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்போம். அடுப்பை நிறுத்திய பிறகுதான் தேசிக்காய்ப் புளி விட வேண்டும், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும்.