ஹோர்ன் இல்லாத றோட்டு

2022 ஜூன் 28, செவ்வாய்

வழக்கமாக என்னை எழுப்புவது கொழும்புக்குப் போகும் முதல் பஸ்ஸின் ஹோர்ன். இன்று அது வரவில்லை. வராததாலேயே முழிப்பு வந்துவிட்டது.

நேற்று நள்ளிரவு தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. விலையைத் திட்டி முடிப்பதற்குள் விற்கச் சாமானே இல்லை என்றாகிவிட்டது. இவர் ஸ்கூட்டரை வரிசையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். கையில் ஒரு துண்டில் 214 என்று எழுதியிருந்தது.

கேற்றடியில் நின்று பார்த்தேன். கொழும்பு–கண்டி வீதி இவ்வளவு அகலம் என்று இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. நடு வெள்ளைக்கோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது.

பின்கட்டில் மகனின் கியர்ச் சைக்கிள் தொங்குகிறது. சிலந்தி வலை, துருப்பிடித்த செயின். இறக்கினேன்.

ஜூன் 30

சந்திக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையிலும் வரிசை. கடை நானா கையெல்லாம் கிரீஸோடு சிரித்தார்.

“டீச்சர், இந்தக் கடைய மூடிட்டு மகன்ட வீட்டோட போய் இரிப்பமெண்டு நெனச்சேன். இப்ப பாருங்க, சாப்பிடவும் நேரமில்ல.”

ரியூப் புதிதாகக் கிடைக்கவில்லை. பழையதிலேயே இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டார். “யார் ஓடுறது, தம்பியா?” என்று கேட்டார். நான்தான் என்றேன். ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, சீற்றை இறக்கித் தந்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மலைநாட்டில் ஐம்பதை நெருங்கும் ஒருத்தி சைக்கிளில் போவது காட்சிதான். யாழ்ப்பாணத்தில் யாரும் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அங்கே சைக்கிள் ஓடத் தெரியாத பெண்தான் புதினம்.

ஜூலை 2, சனி

முதல் ஓட்டம். சந்தியிலிருந்து தவுலகல வீதியில் திரும்பினேன். பழக்கம் விட்டுப் போகவில்லை, மூச்சுத்தான் விட்டுப்போயிருக்கிறது. என்னுடையவை சமதரைக் கால்கள். கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்குப் போகிற பாதையில் மேடு என்று சொல்ல ஒரு மதகுகூட இல்லை. இங்கே நூறு யாருக்கு ஒரு ஏற்றம். கியரை மாற்றப் போய் இரண்டு முறை செயின் கழன்றது.

கடலாதெனிய விகாரைக்கு முன்னால் இறங்கி இளைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிங், டிங், டிங், பிறகு ஒரு இடைவெளி. பித்தளை தட்டும் சத்தம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் குத்துவிளக்கும் செம்பும் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். பெரிய வீதியில் வரிசையாக இருக்கும் பித்தளைக் கடைகளுக்கு முன்னால் எத்தனையோ தரம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அவற்றைத் தட்டுகிற சத்தத்தை இன்றுதான் கேட்டேன்.

விகாரை 1344இல் கட்டப்பட்டது, கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகுவின் காலம். சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. கல்லில் நம்மூர்க் கோயிலின் சாயல் இருப்பதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை.

ஜூலை 5

பிரான்சிலிருந்து தங்கச்சி வீடியோ அனுப்பியிருந்தாள். விடுமுறைக்குக் குடும்பமாகப் பூர்கோஞ் பக்கம் போயிருக்கிறார்கள். கிளூனியிலிருந்து ஜிவ்ரி வரை பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டுச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்களாம். 1997இல் திறந்தது, பிரான்சில் இந்த மாதிரிப் பாதைகளில் முதலாவதாம். இரு பக்கமும் திராட்சைத் தோட்டம், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். அவளுடைய குரல் பின்னால்: “அக்கா, பாரன், ஒரு வாகனமும் இல்லை!”

“இஞ்சையும் ஒரு வாகனமும் இல்லை” என்று பதில் போட்டேன். சிரிப்பு முகம் ஒன்று அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, “சொறி அக்கா.”

அவளில் பிழை இல்லை. தண்டவாளம் இல்லாத ரயில் பாதையில் நாங்களும்தான் ஓடியிருக்கிறோம். 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. மிஞ்சிய மேட்டில் கோண்டாவில் பக்கமாக ரியூசனுக்குப் போவேன், பின் கரியரில் அவள். பெற்றோல் தடை என்பதால் றோட்டில் வாகனம் இல்லை. சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோலை ஊசியால் ஊட்டி ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெய். அது போன பிறகும் புகை அரை மணித்தியாலம் ஒழுங்கையில் நிற்கும். இரவில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பேசும். மிதிக்கிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

அந்த றோட்டும் அமைதியாகத்தான் இருந்தது. மேலே சத்தம் கேட்டால் மட்டும் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குழிக்குள் குதிக்கவேண்டும்.

ஜூலை 7

மழைத்தூறல். கடுகண்ணாவை வரை போனேன். பெரிய வீதியில் போவதற்கு இதைவிட்டால் இனிச் சந்தர்ப்பம் வராது. கணவாய்க்குப் பக்கத்தில் டோசனின் கோபுரம் நிற்கிறது. 1820களில் இந்த வீதியைப் போட்ட பொறியியலாளர், முடிவதற்குள் இறந்துவிட்டார். வீதிக்காகத் துளைத்திருந்த பாறையடியில் நின்று கீழே பார்த்தேன். வளைந்து வளைந்து போகும் இறக்கத்தில் ஒரு வாகனமும் இல்லை. இறங்கிப் பார்க்க ஆசை. திரும்ப ஏறவேண்டும் என்று முழங்கால் சொன்னது. திரும்பிவிட்டேன்.

வரும் வழியில் பெற்றோல் செட் வரிசை. கார்கள் ஒரு கிலோமீற்றருக்குமேல் நின்றன, ஆள் இல்லாமல், கண்ணாடியில் சோக்கட்டியால் இலக்கம் எழுதி. ஒரு ஓட்டோவுக்குள் ஒரு தகப்பன் மடக்கிப் படுத்திருந்தார். கால் வெளியே, செருப்பு றோட்டில். வரிசையில் காத்திருந்தே இறந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தபடியிருக்கிறது. நான் அவரைக் கடந்து சத்தமில்லாமல் போனேன். காற்று முகத்தில் பட்டது. சந்தோஷமாக இருந்தது. அதைப் பிறகு இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 9, சனி

ரயில் மட்டும் ஓடுகிறது. காலையில் கொழும்புக்குப் போன ரயிலில் கதவெல்லாம் ஆட்கள், கொடிகள். கண்டியில் சனம் நிர்ப்பந்தித்து ரயிலை ஓட வைத்ததாம். பின்னேரம் ஜனாதிபதி மாளிகைக்குள் ஆட்கள் நுழைந்த படங்கள் கைபேசியில் வந்தன. நாள் முழுதும் சைக்கிளைத் தொடவில்லை.

ஜூலை 10

ஹஜ் பெருநாள். ஹந்தெஸ்ஸ பக்கம் போனேன். புது உடுப்போடு குடும்பம் குடும்பமாக றோட்டு நிறைய நடந்து வந்தார்கள், நடுவிலே, கைகோத்து. மணியடிக்க மனம் வராமல் இறங்கி உருட்டினேன். கடை நானாவின் பெண்சாதி என்னைக் கண்டு வீட்டுக்குள் கூட்டிப்போய் வட்டிலாப்பம் தந்தா. எரிவாயு இல்லை, விறகில் அவித்ததாம். புகை வாசம் கொஞ்சம் இருந்தது. அதனாலேயே ருசியாக இருந்தது என்று சொன்னால் பொய், இருந்தும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 13, புதன்

எசல போயா. விடிய நாட்டைவிட்டு ஜனாதிபதி போய்விட்டார் என்ற செய்தியோடு லங்காதிலக விகாரைக்கு ஏறினேன். வெள்ளை உடுத்தவர்கள் வயல் வரம்பால் நடந்து வந்தார்கள். பின்வரிசையில் வந்த என் பழைய மாணவியின் தாய், “கோஹெத டீச்சர்?”, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, சைக்கிளைப் பார்த்து, “பரெஸ்ஸமின்”, கவனம், என்றா.

பாறையில் வெட்டிய படி. மேலே, அதே பாறையில், சிங்களத்தில் ஒரு சாசனம். தமிழில் ஒரு சாசனம். இதுவும் 1344. பஸ்ஸில் பாடசாலைச் சுற்றுலா வந்தபோதெல்லாம் பிள்ளைகளை எண்ணுவதிலேயே நேரம் போய்விடும், இதற்குப் பக்கத்தில் நின்றதே இல்லை. குந்தியிருந்து விரலால் தடவினேன். முழுதாக வாசிக்க வரவில்லை. ஒரு ‘க’வும் ஒரு ‘ம’வும் என்று நினைக்கிறேன். தேய்ந்துபோன ‘க’ என்றாலும் நம்முடையது நம்முடையதுதான். உள்ளே புத்தருக்குப் பின்புறமாகச் சுற்றி வந்தால் விஷ்ணு, பிள்ளையார், விபீஷணன், கதிர்காமத்தான்.

அங்கிருந்து எம்பக்க. கதிர்காமத் தெய்வத்தின் தேவாலயம். நான் முருகா என்றுதான் கும்பிட்டேன். மரத்தூண்களில் மல்லர்கள், இரட்டைத்தலைக் கழுகு, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். கூரையின் இருபத்தாறு கைமரங்களையும் ஒரே ஒரு மர ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்தது. வேறு யாரும் வரவில்லை. பூசகர் பேச ஆளில்லாமல் இருந்தார் போலும்; அரை மணித்தியாலம் பெற்றோலைப் பற்றித்தான் பேசினோம்.

ஜூலை 17

பெற்றோல் 20 ரூபாய் குறைந்து 450. இல்லாத சாமானுக்கு விலை குறைந்திருக்கிறது.

ஓகஸ்ட் 6, சனி

கியூஆர் முறை வந்துவிட்டது. ஸ்கூட்டருக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். இவர் காலையிலேயே போய் அரை மணித்தியாலத்தில் அடித்துக்கொண்டு வந்தார், முகத்தில் பெருநாள் களை.

நான் தவுலகல வீதிக்குத் திரும்பும்போது பின்னால் ஒரு லொறி ஹோர்னை அழுத்தியது. கான் விளிம்புவரை ஒதுங்கினேன். கடலாதெனியவில் நின்று காது கொடுத்தேன். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், யாரோ வீட்டில் பாட்டு. தட்டுகிற சத்தம் இருந்ததா இல்லையா என்று பிரித்தறிய முடியவில்லை. பாடசாலை திறந்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “டீச்சர், உங்களுக்கு இன்னும் பெற்றோல் கிடைக்கேல்லையா?” என்று கேட்டது ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். தங்கச்சியிடமிருந்து செய்தி: “எவ்வளவு தூரம் ஓடினனீ அக்கா?” நான் அளக்கவில்லை.

இவர் பின்கட்டுக் கொழுக்கியைக் காட்டி, “திரும்ப ஏத்தித் தொங்கவிடவோ?” என்று கேட்டார்.

“முன் சில்லுக்குக் காத்துக் காணாது. பம்பை எடுங்கோ” என்றேன்.